மோட்டார் ரூம் ரேடியோவை அணைத்தது யார்?

"இதை யாரு திருகுனது?"

அப்பா கேட்டது என்னைப் பார்த்துத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் நின்றார். பொழுது சாயும் நேரம். உள்ளே பலகைமேல் இருந்த பழைய ரேடியோவின் குமிழ் இடதுபக்கக் கடைசிக்குத் திரும்பியிருந்தது. அதை யாரும் அப்படித் திருப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்.

எனக்கு அப்போது இருபது, இருபத்தொன்று வயது இருக்கும். தலை நிறைய மல்லிகையும், அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியும், இடுப்பில் நிற்காத பட்டுச்சேலையுமாக நின்றேன். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள்.

"நான் தொடலப்பா," என்றேன்.

பிற்பாடு மென்பொருள் எழுதிப் பிழைக்கப்போனபோது இந்த வாக்கியத்தோடு எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. எந்த அலுவலகத்தில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் சுற்றி நிற்கிற ஆறு பேரும் இதையேதான் சொல்வார்கள். "நான் ஒண்ணுமே தொடல மேடம், அதுவா நின்னுபோச்சு." கம்ப்யூட்டருக்குத் தானாகவே சாகிற ஆசை அடிக்கடி வரும் என்று அவர்கள் என்னை நம்பச் சொல்வார்கள்.

போன வாரம் இந்தத் தொடரில், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த கூடலூர் வாசகி ஒருவர், "அந்தக் காலத்தில் அந்தப் படிப்புக்கு உங்கள் வீட்டில் எப்படி விட்டார்கள்?" என்று கேட்டிருக்கிறார். வாசகியம்மா, அவ்வளவு சுலபமாக விட்டுவிடவில்லை. நடுவில் ஒரு ரேடியோ புகுந்தது.

ரேடியோவுக்கு அங்கே என்ன வேலை?

எங்கள் தோட்டம் கேரள எல்லையை ஒட்டிய கோம்பைக்கு மேற்கே, மலையைப் பார்த்து இருந்தது. வீடும் தோட்டத்துக்குள்ளேயே. கிணற்றுத் தண்ணீரில் வாழை போட்டிருந்தோம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கும். மோட்டாரும் இருக்கும். கரண்டு மட்டும் நினைத்தால் வரும். முறை வைத்து விடுவார்கள், ஆனால் அந்த முறை எந்த நேரத்தில் தொடங்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. காலையில் வரும் என்பார்கள், மத்தியானம் வரும். வந்த கரண்டு இரண்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் இறைத்துக்கொண்டால் உண்டு.

அதனால் அப்பா ஒரு நாளைக்கு முப்பது தடவை மோட்டார் ரூமுக்கு நடப்பார். அங்கே ஸ்டார்ட்டருக்கு மேலே மூன்று குண்டு பல்பு வரிசையாக இருக்கும், மூன்று கம்பியில் வரும் கரண்டில் ஒவ்வொரு பேஸுக்கும் ஒன்று. மூன்றும் எரிந்தால் பச்சைப் பொத்தானை அமுக்கலாம். இரண்டு மட்டும் எரிகிறபோது அவசரப்பட்டு அமுக்கினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். ரீவைண்டிங் கடைக்காரர் மோட்டாரை ஒரு வாரம் தன்னிடம் வைத்துக்கொள்வார்.

அப்பா போய்ப் பார்ப்பார். பல்பு எரியாது. திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். மறுபடியும் எழுந்து போவார். சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து போனதும் உண்டு. "பல்பைக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்தியிருக்கலாம்," என்று அம்மா சொல்வாள்.

நான் கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. அப்பா நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே கால் வலித்தது. ஒருநாள் பரணில் ஏறி, அம்மாவுக்குச் சீராக வந்த வால்வு ரேடியோவை இறக்கினேன். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. கரண்டு இருந்தால்தான் பாடும் என்பது அதன் குறை. எனக்கு வேண்டியது அந்தக் குறைதான்.

மோட்டார் ரூமில் பலகை அடித்து, ரேடியோவை வைத்து, ஒரு பேஸிலிருந்து இணைப்புக் கொடுத்து, குமிழை வலதுபக்கக் கடைசிவரை திருப்பி விட்டேன். அவ்வளவுதான். கரண்டு வந்தால் ரேடியோவின் பச்சைக் கண் மெல்ல விழிக்கும், வால்வு சூடாகும், அரை நிமிடத்தில் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். அதன் பிறகு அப்பா போய் மூன்று பல்பையும் பார்த்தால் போதும்.

மலைக்கு அந்தப் பக்கத்து மலையாள நிலையம்தான் எங்கள் பக்கம் தெளிவாக எடுக்கும். ஆகவே எங்கள் வாழைக்கு மலையாளச் செய்தி கேட்டுத்தான் தண்ணீர் பாய்ந்தது. வாசிப்பவர் தொடங்கியதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். எங்கள் நாய் செவலை அவருக்கு முன்னால் ஓடும். சாலையில் போகிறவர்கள், இந்த மனிதருக்குக் கேரள அரசியலில் இவ்வளவு அக்கறையா என்று நினைத்திருக்கக்கூடும்.

பின்னாளில் மதுரையில் வகுப்பெடுத்தவர் இதையே பாடமாகச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கருவியிடமும் போய் "ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா" என்று கேட்டுக்கொண்டே அலைவது ஒரு முறை. வேலை வந்தால் கருவியே கூப்பிடட்டும் என்று விட்டுவிடுவது இன்னொரு முறை, அதற்குப் பெயர் இன்டரப்ட். நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டார். எங்கள் அப்பா, செவலை, மலையாளச் செய்தி எல்லாவற்றையும் வகுப்பில் எப்படி விளக்குவது? ஒன்றுமில்லை சார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா போட்ட நிபந்தனை

அந்த ஆனி மாதத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து வந்தன. மதுரைக் கல்லூரியிலிருந்து கம்ப்யூட்டர் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த கடிதம் ஒன்று. உத்தமபாளையம் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய சேதி இன்னொன்று. கல்லூரியில் சேரக் கடைசி நாள், அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கழித்து எட்டாம் நாள், திங்கட்கிழமை.

"அமைஞ்சுருச்சுன்னா ஆவணியில முடிச்சிருவோம்," என்றார் அப்பா. "அமையலன்னா நீ படிக்கப் போ. யாரு வேணாங்குறா?"

'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுப்பதை இஃப்-எல்ஸ் என்பார்கள். நான் வாழ்க்கையில் சந்தித்த முதல் இஃப்-எல்ஸ் இதுதான். இரண்டு கிளையையும் எழுதியவர் அப்பா. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதற்கிடையில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் வெடித்துப் பத்து நாளாகத் தோட்டங்களுக்குக் கரண்டு இல்லை. வாழை குலை தள்ளியிருந்த நேரம். மேற்கேயிருந்து அடிக்கும் மேகாற்று வேறு இலையைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. சரி செய்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை விடுவார்கள், அதை விட்டால் புதன்கிழமைதான் என்று சேதி வந்தது. அப்பா அன்று காலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்தாரா, மலையாளச் செய்தியை எதிர்பார்த்தாரா என்று சொல்ல முடியாது. மண்வெட்டியைக் கழுவி வாசலிலேயே சாத்தி வைத்திருந்தார்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. அவர் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. பார்க்க மோசமில்லை. அதை ஒப்புக்கொள்ளும் மனநிலையில் நான் அன்று இல்லை.

பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் தோட்டத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை குதிரை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பெண் கறுப்பா சிவப்பா என்பது. செவலையைக் கொல்லையில் கட்டிப்போட்டுவிட்டு அப்பா அவர்களை அழைத்துக்கொண்டு போனார். தாய்மாமா கிணற்றை எட்டிப் பார்த்தாராம். வாத்தியார் மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தாராம். பிறகு எல்லோரும் உள்ளே வந்து கேசரி சாப்பிட்டார்கள். நான் காப்பி கொடுத்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மிச்ச நேரம் எங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்று ஒரு மாதமாகியிருந்தது.

பேச்சு சாவகாசமாக இரண்டு மணி நேரம் ஓடியது. அப்பாவுக்கு அடிக்கடி காது மட்டும் மேற்கே போய்வந்தது. ரேடியோ வாயைத் திறக்கவில்லை.

வழக்கும் தீர்ப்பும்

அவர்கள் போன பிறகு கிழக்குத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, விருந்தாளி வந்தா தண்ணி பாய்ச்சக் கூடாதா? ரெண்டு மணி நேரம் நின்னு ஓடுச்சே. ஒங்க வாய்க்கா மட்டும் காஞ்சு கெடக்கு."

பகல் நேரம், வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை. மின்விசிறி எங்களிடம் கிடையாது, ஆனிக் காற்றுக்கு அது எதற்கு? பக்கத்து மோட்டார்ச் சத்தத்தை அந்தக் காற்று கிழக்கே அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கள் ரேடியோ ஒன்றைத்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

அப்பா மோட்டார் ரூமுக்கு ஓடினார். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"நான் தொடலப்பா."

"பெறகு யாரு? வந்தவுகளுக்கு அது எதுக்குன்னே தெரியாது. தெரிஞ்சது நாலே பேரு. நானு, ஒங்கம்மா, நீ, செவலை. நான் தொடல. ஒங்கம்மா அடுப்படிய விட்டு நகரல. செவலை கட்டிக் கெடந்துச்சு."

கணிதம் படித்த நானே இதைவிடச் சுருக்கமாக நிறுவியிருக்க முடியாது.

"படிக்கவிடாமக் கல்யாணம் பேசுறானேன்னு எம்மேல கோவம். அதக் கொண்டு போயி வாழையில காட்டிட்ட," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "பத்து நாளாத் தண்ணியக் காணாத மரம் ஆத்தா. குலையோட நிக்குது. அத வாடப் போட ஒனக்கு மனசு வந்துருச்சுல்ல. நீ காலேஜுக்கும் போக வேணாம், கட்டிக்கிட்டு எங்கயும் போகவும் வேணாம்."

இஃப் போனது. எல்ஸும் போனது. மூன்றாவதாக ஒரு கிளை இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அழுதேன். ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று அப்படித்தான் அழுதேன். அந்தப் பெண் பார்க்கும் படலத்தைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்காமலில்லை. காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேலை தடுக்கி விழலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் செய்து வைத்த ஒன்றை, ஒழுங்காக வேலை பார்க்கிற ஒன்றை, நானே போய் நிறுத்துவேன் என்று அப்பா நம்பிவிட்டார். கல்லூரி கைநழுவிப் போனதைவிட அதுதான் என்னைச் சுட்டது.

அம்மா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "தொட்டியா, தொடலையா?" என்று மட்டும் கேட்டாள். தொடல என்றேன். "அப்பச் சாப்பிடு," என்றாள். அம்மாவின் விசாரணைக் கமிஷன் அத்தோடு முடிந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவளிடம் இல்லை.

எதிர்காற்றில் ஒரு சைக்கிள்

மறுநாள் காலையில் செவலை ஓயாமல் குரைத்தது. வாசலில் வாத்தியார். சைக்கிளில் வந்திருந்தார். உத்தமபாளையத்திலிருந்து கோம்பைக்கு ஆனி மாதத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தலைமுடி நட்டுக்கொண்டு, கண் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பேனா இரண்டும் மட்டும் பையில் நேராக இருந்தன.

"வாங்க தம்பி," என்றாள் அம்மா, ஒன்றும் புரியாமல். "நேத்து எதையும் வச்சுட்டுப் போயிட்டீகளா?"

"இல்லங்க. ஒண்ணச் சொல்லாமப் போயிட்டேன்."

அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"நேத்து மோட்டார் ரூமுல ரேடியோ ஒண்ணு பாத்தேன். பாடல. ஆனா சவுண்டு முழுசா வச்சிருந்துச்சு. கரண்டு வந்தா ஆளில்லாத எடத்துல சும்மாக் கத்திக்கிட்டுக் கெடக்குமேன்னு அணைச்சிட்டேன். பள்ளிக்கூடத்துல ரூமை விட்டு வெளிய வரும்போது சுவிச்ச அணைச்சு அணைச்சுப் பழகிருச்சு. கை தானாப் போயிருச்சு."

அப்பா மோட்டார் ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பஸ்ஸுல போகும்போது பாத்தா வழியெல்லாம் வாய்க்கா நெறஞ்சு கெடக்கு. ஒங்க தோட்டத்துல மட்டும் தண்ணிச் சத்தமே கேக்கலையேன்னு தோணுச்சு. வீட்டுக்குப் போயித்தான் வெளங்குச்சு. அது கேக்குறதுக்கு வச்ச ரேடியோ இல்ல, ஆளக் கூப்புடுறதுக்கு வச்சதுன்னு. காலையில முத பஸ்ஸு வரல, அதான் சைக்கிள எடுத்துட்டேன். வாழைக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. ஆனா நான்தான் தொட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் முன்னால் கூப்பிடாமல் போய் நிற்கக்கூடாது. அதெல்லாம் எனக்கும் தெரியும். போய் நின்றேன்.

"அணைக்கக் கூடாதுன்னு அதுமேல எழுதி வைக்காதது என் தப்பு," என்றேன். "வீட்டாளுகளுக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கடிகாரத்தைத் தேடவில்லை.

"நீங்கதான் வச்சதா?" என்றார்.

"எம்மகதான் வச்சுச்சு," என்றார் அப்பா, நான் வாயைத் திறப்பதற்குள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. பேசிய பிறகுதான் தன் குரலில் இருந்த பெருமையைக் கவனித்தார் போலிருக்கிறது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தப்ப ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டீக," என்றார் தரையைப் பார்த்து. "எனக்கும் கொஞ்சம் வையிங்க. நேத்து நான் இந்தப் புள்ளயப் பேசுனது..."

முடிக்கவில்லை. "செவலைக்குச் சோறு வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார். செவலை வாசலில் எங்கள் காலடியில்தான் நின்றது.

வாத்தியார் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினார். சைக்கிள்வரை அப்பா போனார். போய், என்னிடம் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னார்.

"தம்பி, எம்மக மதுரைக்குப் படிக்கப் போகுது. ரெண்டு வருசம் ஆகும்."

"சரிங்க," என்றார் அவர். திரும்பும்போது காற்று முதுகில் தள்ள, மிதிக்காமலே போனார்.

பலகை

அன்றே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ரேடியோவின் தலைமேல் ஒட்டினேன். "இது பாட்டுக் கேட்க அல்ல. கரண்டு வந்தால் கூப்பிட. அணைக்காதீர்கள்." நான் எழுதிய முதல் விளக்கக் குறிப்பு அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ மென்பொருளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. அந்த அட்டையை மட்டும் வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ரேடியோ மலையாளத்தில் அலறியது. அப்பாவும் செவலையும் ஓடினார்கள். கிழக்கு ஓரத்தில் சில மரங்கள் மடங்கிவிட்டன, மற்றவை பிழைத்தன. அடுத்த திங்கட்கிழமை என் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றார். என்னோடு பஸ்ஸும் ஏறினார். ஆண்டிபட்டி தாண்டிய பிறகு, "அங்கன ரேடியோ ஏதாச்சும் செஞ்சு வச்சா அட்டைய முதல்ல ஒட்டிரு," என்றார்.

இரண்டு வருடம் கழித்து வாத்தியாரைத்தான் கட்டிக்கொண்டேன். கூடலூர் வாசகி இதற்குள் கண்டுபிடித்திருப்பார்.

அவர் கை இன்னும் அடங்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜை அணைத்திருக்கிறார். இட்லி வேகும்போது அடுப்பை அணைத்திருக்கிறார். மூன்று நாளாக நான் ஓடவிட்டிருந்த ஒரு புரோகிராமை, மிஷின் சும்மாச் சூடாகிறதே என்று இரண்டே விநாடியில் தூங்க வைத்திருக்கிறார். நான் வந்து பார்த்துக் கத்துவதற்குள் எதிரே வந்து நிற்பார். "நான்தான் தொட்டேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய பெரிய அலுவலகங்களில், நின்றுபோன மிஷின்களைச் சுற்றி நின்ற எத்தனையோ படித்த மனிதர்களைக் கேட்டுவிட்டேன். யாரும் கேட்காமலேயே, "நான்தான் தொட்டேன்" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அதற்காகத்தான் அவருக்குச் சம்மதம் சொன்னேன். பேனாவுக்காகவோ உத்தியோகத்துக்காகவோ இல்லை. இதை நான் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. இந்த இதழில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்.

படித்து முடித்ததும் எழுந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போவார். நான் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.